ஏற்காடு இறங்கும் காருக்கு முன் பிரேக் வேலை: சேலத்துப் பட்டறைகளும் பேட்களும் எப்படி?

முன் சக்கரத்தில் கொரகொரவென்று சத்தம் வருகிறது என்று சேலத்தில் எந்தப் பட்டறையில் வண்டியை நிறுத்தினாலும் முதலில் கிடைக்கும் பதில், "பேட் போயிருச்சு சார், மாத்திரலாம்." வீலைக் கழற்றும் முன்பே வந்துவிடும் பதில் அது. பேட் என்பது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுத் துண்டு. அந்தப் பதில் பல நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் பேட் ஏன் போனது என்று யாரும் கேட்காமலே வேலை முடிந்துவிடுகிறது. புது பேட் போட்ட பிறகும் சில மாதத்திலேயே அதே சத்தம் திரும்புகிற வண்டிகளில் கோளாறு பெரும்பாலும் பேடை டிஸ்கில் அழுத்தும் கவ்வியான காலிப்பர் நகர்வதற்கான ஊசியிலோ ('பின்' என்பார்கள்) டிஸ்கிலோ இருக்கும். பேட் வெறுமனே பலியாகியிருக்கும்.

சேலத்தில் கிடைக்கும் மூன்று வகைப் பட்டறைகளையும் மூன்று வகை பேட்களையும் இங்கே எடைபோடுகிறோம். அளவுகோல் ஏற்காடு மலைப்பாதை. ஸ்விஃப்ட், ஐ10, டியாகோ மாதிரி முன்னால் டிஸ்கும் பின்னால் டிரம்மும் உள்ள சின்ன கார்களை மனதில் வைத்து எழுதியது. பெரிய வண்டிக்கும் சங்கதி இதேதான், பில் தொகைதான் ஏறும்.

மலைப்பாதையை ஏன் அளவுகோலாக வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக 1,200 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். ஆட்களும் பைகளுமாக 1,300 கிலோ உள்ள கார் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவருகிற ஆற்றல் சுமார் 15 மெகாஜூல். 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். டயரும் காற்றும் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜின் நல்லதொரு பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டினால் மிச்சம் முழுக்க பிரேக்கின் தலையில்தான், அதிலும் பெரும்பகுதி முன் டிஸ்க் இரண்டின் மேல். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரல் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெட்ரோல் நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குச் செலவாகும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

பிரேக் மிதிக்கும்போது மட்டும் கிரீச்சென்று மெல்லிய கூச்சல் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. பேட்டின் பின் தகட்டில் வளைந்த ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். உராயும் பகுதி 2, 3 மி.மீ.க்கு வந்ததும் அது டிஸ்கைத் தொட்டுக் கத்தும், கத்துவதற்கென்றே வைத்தது. எல்லா வெளிச்சந்தை பேட்டிலும் இந்த நாக்கு இருக்காது. மலிவானவற்றில் முதலில் வெட்டுவது இதைத்தான்.

மிதிக்கும்போது கரகரவென்று அரைக்கிறது, மிதிமேல் இருக்கும் காலிலும் அந்த அதிர்வு தெரிகிறது என்றால் இரும்பு இரும்பைத் தின்கிறது. அதற்கு மேல் ஓட்டக் கூடாது. ஏற்காட்டில் இருக்கும்போது இது ஆரம்பித்தால் மெதுவாக இறங்கிவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். மேலேயே நிறுத்தி, பாகத்தைச் சேலத்திலிருந்து வரவழைத்து மாற்றிக்கொண்டு இறங்குவதுதான் சரி.

பிரேக்கே மிதிக்காதபோதும் சர்சர் என்று தகடு உரசுவது போல் கேட்டால், டிஸ்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தூசித் தகட்டைப் பார்க்க வேண்டும். மழைக்குப் பின் மலைப்பாதை ஓரத்தில் சரிந்து கிடக்கும் பொடிக்கல்லும், புதிதாகப் போட்ட ரோட்டின் ஜல்லியும் அந்த இடுக்கில் போய் உட்காரும். ரிவர்ஸில் கொஞ்ச தூரம் எடுத்தால் சில சமயம் கல் தானே விழுந்துவிடும். விழாவிட்டால் ஜாக்கி போட்டு, வீலைக் கழற்றி, தகட்டை விரலால் டிஸ்கை விட்டு லேசாக விலக்கி வளைத்தால் போதும். பேட் மாற்ற வேண்டிய வேலையே இல்லை. இதற்குப் பேட் விற்கிற பட்டறையும் ஊரில் உண்டு.

ஏற்காட்டில் ராத்திரி பனியில் நிறுத்திய வண்டி காலையில் முதல் சில மிதிகளுக்கு அரைப்பது வெறும் துரு. வார்ப்பிரும்பு டிஸ்க், ஈரம் பட்டால் ஒரே ராத்திரியில் செம்மண் நிறமாகிவிடும். சில நிறுத்தங்களில் போய்விட்டால் மறந்துவிடலாம். போகாமல், சக்கரம் சுற்றும் தாளத்துக்கு ஏற்ப விட்டு விட்டு வந்தால் டிஸ்கில் பேட் ஒட்டிய இடம் மட்டும் துருப்பிடித்துத் தழும்பாகியிருக்கிறது.

வேகத்தோடு கூடிக் குறைகிற ஊளை, வளைவில் திரும்பும்போது ஒரு பக்கம் மட்டும் பெரிதாகிறது, மிதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றால் அது வீல் பேரிங். ஈர ரோட்டில் அழுத்தி மிதிக்கும்போது டர்ரென்று மிதி துடித்தால் அது, சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது. பட்டறைக்கே போக வேண்டாம்.

உள் பேடைப் பார்க்காத பட்டறை வேண்டாம்

இந்த வண்டிகளில் இருப்பது மிதக்கும் காலிப்பர். உள்பக்கம் ஒரே ஒரு பிஸ்டன். அது உள் பேடைத் தள்ள, அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வெளி பேடை இழுத்து டிஸ்கில் அமர்த்தும். பின் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. உள் பேட் மட்டும் வேலை செய்து வேகமாகக் கரையும். ஒரு பின் மட்டும் இறுகினால் பேட் ஆப்பு மாதிரி ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் தேய்ந்தும் இருக்கும்.

அலாய் வீல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிவது வெளி பேட். "இன்னும் 6 மி.மீ. இருக்கு, ஓட்டலாம்" என்று சொல்லி அனுப்பப்படும் வண்டியில் உள்ளே வெறும் தகடு டிஸ்கைச் சீவிக்கொண்டிருப்பது இப்படித்தான். புது பேட்டில் உராயும் பகுதி சுமார் 10 மி.மீ. இருக்கும். சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கு 3 மி.மீ.யில் மாற்றலாம். மாதம் ஒருமுறையாவது மலை ஏறுகிற வண்டிக்கு 4-லேயே மாற்றிவிடுவது நல்லது, மெல்லிய பேட் சூட்டைப் பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் சீக்கிரம் கடத்தும். உள்ளுக்கும் வெளிக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பின்னைக் கழற்றிப் பார்க்காமல் புது பேட் போடுவது பணத்தை எரிப்பது.

இனி பட்டறைகள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் நல்ல விஷயம், பாகம் ஒரிஜினல், போல்ட்டுகளை டார்க் ரென்ச்சில் சரியான இறுக்கத்துக்கு வைப்பார்கள், வாரண்டி கெடாது. குறை, வேலை நடக்கும் இடத்தில் நம்மை நிற்க விடுவதில்லை. பில்லில் 'பிரேக் கிளீனிங்' என்று ஒரு வரி வரும். அது பின்னைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் வைத்ததா, மேலாக ஸ்பிரே அடித்ததா என்று அந்த வரி சொல்லாது. ஒப்படைக்கும்போதே "ரெண்டு பக்கமும் பின் கழட்டி கிரீஸ் வைக்கணும், பழைய பேட் நாலும் டிக்கில போட்டுக் குடுங்க" என்று ஜாப் கார்டில் எழுத வைக்க வேண்டும். நாலு பழைய பேட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தாலே நோய் எது என்று தெரிந்துவிடும்.

மல்டி பிராண்ட் சர்வீஸ் கடைகள் இடைப்பட்டவை. ஆள் கெட்டிக்காரராக அமைந்தால் கம்பெனி வேலை குறைந்த கூலியில் கிடைக்கும். அமையாவிட்டால் கையிருப்பில் எந்த பேட் இருக்கிறதோ அதுதான் உங்கள் வண்டிக்குப் 'பொருத்தமான' பேட்.

ஓமலூர் ரோட்டிலும் கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரத்திலும் தனியாள் பட்டறை வைத்திருப்பவர்களின் பலம், மலை ஏறுகிற வண்டிகளைக் கையால் பார்த்த பழக்கம். கண் முன்னால் வேலை நடக்கும், கேட்டதற்குப் பதில் வரும். பலவீனங்களும் கண் முன்னாலேயே நடக்கும். ஏர் அடித்துத் தூசியை ஊதுவது முதல் தப்பு. மலிவு பேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அது நேராக நுரையீரலுக்குப் போகும், பிரேக் கிளீனர் அடித்து ஈரத் துணியால் துடைக்க வேண்டும். காலிப்பரை, பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸிலேயே தொங்க விடுவது இரண்டாவது. ஒரு கம்பியில் கட்டி ஸ்பிரிங்கில் மாட்ட அரை நிமிடம் ஆகாது. மூன்றாவதும் மோசமானதும், வீல் பேரிங்குக்கு வைத்திருக்கும் சாதா கிரீஸைப் பின்னில் பூசுவது. பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) ஊதிப் பின்னையே பிடித்துக்கொள்ளும். கோளாறைத் தீர்க்கப் போய் அதையே புதிதாக உண்டாக்குவது இதுதான். சிலிகான் பிரேக் கிரீஸ் சின்ன டியூபில் கிடைக்கிறது, நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

எங்கள் தேர்வு: வாரண்டி உள்ள வண்டிக்குக் கம்பெனி. வாரண்டி முடிந்ததற்கு, பின் கழற்றிக் காட்டச் சம்மதிக்கும் தனிப் பட்டறை, பாகம் நம் கையிலிருந்து. "அதெல்லாம் தேவையில்லண்ணா" என்று பின்னைத் தொட மறுக்கிறவரிடம் எவ்வளவு குறைந்த கூலி என்றாலும் கொடுக்க வேண்டாம்.

பேட்

ஒரு செட் என்றால் நாலு பேட், இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

கார் கம்பெனியின் பெட்டியில் வருவதற்கு முதலிடம். விலை கூடுதல், ஆனால் ஷிம் (பேட்டின் முதுகில் வரும், சத்தம் குறைக்கும் மெல்லிய தகடு), கத்தும் நாக்கு, தகட்டின் அளவு எல்லாம் அந்தக் காலிப்பருக்கென்றே அமைந்திருக்கும். சத்தம்தான் முக்கியப் புகார் என்றால் யோசிக்காமல் இதை வாங்கலாம். ஹாலோகிராமும் பேட்ச் எண்ணும் பெட்டியில் மட்டும் இருந்து பேட்டின் தகட்டில் எதுவும் அச்சில்லாமல் மொட்டையாக இருந்தால் டூப்ளிகேட் என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது ரானே, பிரேக்ஸ் இந்தியா, பாஷ் மாதிரி பெயருள்ள உற்பத்தியாளர்களின் வெளிச்சந்தை பேட். இந்தியக் கார் கம்பெனிகளுக்கே பிரேக் பாகம் செய்து கொடுப்பவர்கள் இதில் இருக்கிறார்கள். பணத்துக்கு மதிப்பு இங்கேதான் அதிகம். ஒரே எச்சரிக்கை, பேடைத் தாங்கியில் பிடிக்கும் கிளிப்பும் ஷிம்மும் பெட்டியில் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால் தனியாக வாங்க வேண்டும். பழைய கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தால் பேட் தாங்கியில் மாட்டிக்கொண்டு டிஸ்கை விட்டு விலகாது, இல்லை கடகடவென ஆடும். புது பேட் போட்ட மறுநாளே வரும் சத்தத்துக்கு இதுவே வழக்கமான காரணம்.

மூன்றாவது, 'செராமிக்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து, யார் செய்தது என்று எங்கேயும் இல்லாத பெட்டி. நல்ல செராமிக் பேட் சத்தமும் கறுப்புத் தூசியும் குறைவாகத் தரும், அது உண்மை. பெட்டியில் அந்த வார்த்தை இருப்பதற்கும் உள்ளே இருக்கும் கலவைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பதும் உண்மை. ஊருக்குள் ஓடுவதற்குக் கூட இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

வாங்கும்போது தகட்டின் ஓரத்தையோ பின்பக்கத்தையோ வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் எண்களின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பின் எவ்வளவு என்பது. 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' அதற்கும் மேல். ஏற்காடு போகிற வண்டிக்கு 'எஃப்எஃப்' போதும். 'எஃப்ஈ' என்றால் சூடேறியதும் பிடி குறைகிறது என்று பேட்டே எழுதிக் கொடுக்கிறது, பத்தாவது வளைவுக்குக் கீழே அதுதான் நமக்கு வேண்டாதது. இந்த எழுத்து தேய்மானத்தையோ ஆயுளையோ சொல்லாது, தரச் சான்றும் அல்ல. ஐரோப்பிய விதிப்படி சோதித்த பேட்டில் '90ஆர்' என்ற குறியும் இருக்கும். ஒரிஜினல் பேட்டின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அந்த விதி.

இரும்புத் தூள் கூடிய செமி மெட்டாலிக் பேட் சூட்டைத் தாங்கும். ஆனால் குளிரில் கத்தும், டிஸ்கையும் சேர்த்துத் தின்னும். மலையும் ஊருமாக வாடகை ஓடும் வண்டிக்குச் சரி. வீட்டுக் காருக்குத் தேவையில்லை.

டிஸ்கும் ஆயிலும்

இரும்பு தொட்ட டிஸ்கை நகத்தால் குறுக்கே கீறிப் பார்க்க வேண்டும். நகம் பள்ளத்தில் மாட்டினால் லேத்தில் கொடுத்துச் சீவ வேண்டும், இல்லை மாற்ற வேண்டும். எது என்பதை டிஸ்கின் நடுப்பகுதியிலோ ஓரத்திலோ பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமன் தீர்மானிக்கும். புதிதில் 22 மி.மீ. உள்ள டிஸ்குக்கு அது பெரும்பாலும் 20 மி.மீ. என்றிருக்கும். சீவிய பிறகும் அந்த அளவுக்கு மேல் நிற்க வேண்டும். சரியாக அந்த அளவில் வந்து நின்றால் அந்த டிஸ்க் அடுத்த பேட்டைப் பார்க்காது, காற்றோட்ட இடுக்கு உள்ள டிஸ்கை அளவு மீறிச் சீவினால் மலையில் சூடு தாங்காமல் விரிசல் விடும்.

அளப்பதில் ஒரு நுணுக்கம். தேயாத வெளி விளிம்பு மேடாக நிற்பதால் வெர்னியரை அப்படியே வைத்தால் பழைய தடிமனைத்தான் காட்டும். மைக்ரோமீட்டர் இல்லாத பட்டறையில், இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை முதலில் சேர்த்து அளந்துகொண்டு, டிஸ்கின் இரு பக்கமும் தேய்ந்த இடத்தில் ஒவ்வொன்றாக வைத்து வெர்னியரால் பிடித்து, நாணயத்தின் அளவைக் கழித்தால் உண்மை வந்துவிடும். ஒரே இடத்தில் அளந்தால் போதாது, சுற்றிலும் எட்டு இடம்.

லேத் வேலை நன்றாகவும் அமையும், கெட்டும் போகும். லேத்தின் பிடியான சக்கில் டிஸ்க் நேராக உட்காராமல் சீவினால் முன்பு இல்லாத மிதி உதறல் புதிதாக வரும். மாட்டும் முன், டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். அங்கே ஒட்டிய ஒரு சின்னப் பொருக்கு, டிஸ்கின் விளிம்புக்கு வரும்போது 0.05 மி.மீ.யைத் தாண்டிய ஆட்டமாகிவிடும். வீல் நட்டை ஏர் கன்னால் முழுக்க இறுக்குவதும் இதே கதை. பல சின்ன கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் என்ற வட்டாரத்தில் இருக்கும், கையேட்டில் பார்த்து நட்சத்திர வரிசையில் இறுக்க வேண்டும்.

பிஸ்டனைப் பின்னால் தள்ளும்போது பழைய பேடை வைத்து ஜி கிளாம்பால் மெதுவாகத் தள்ள வேண்டும். பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் ஏறி வழிந்தால் பெயிண்டை உரித்துவிடும், கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. சீராக உள்ளே போனால் சரி. விக்கி விக்கிப் போனால் சீல், பூட் கிட் போட வேண்டும். பிஸ்டனில் துருக் குழி இருந்தால் கிட் உதவாது. ஜாக்கியில் வீல் கையால் சுற்ற மறுத்தால் காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்ததும் இலகுவானால் அழுத்தம் ஹோஸிலோ, மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலோ சிக்கியிருக்கிறது. திறந்தும் இறுக்கமே என்றால் பிஸ்டன் அல்லது பின். புது காலிப்பருக்கு எஸ்டிமேட் போடும் முன் இந்த ஒரு நிமிடச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்.

பின்னில் மேலது வேறு, கீழது வேறு. ஒன்றில் ரப்பர் வளையம் இருக்கலாம், மாற்றிப் போட்டால் அதுவே இறுகும். துருக் குழி விழுந்த பின்னை எமரி போட்டுத் தேய்த்துச் சமாளிக்கக் கூடாது.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு அதே அளவுகள் 230, 155. கொதித்தால் ஆவிக் குமிழி, குமிழி வந்தால் மிதி பஞ்சாகித் தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதும் மாற்ற வேண்டும். பேட் வேலையோடு சேர்த்துச் செய்தால் நாலு சக்கரத்திலும் ஏர் எடுக்கும் கூலி பெரிதாகத் தெரியாது.

வேலை முடிந்து வண்டியை நகர்த்தும் முன் மிதி கெட்டியாகும் வரை பம்ப் செய்ய வேண்டும், பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. பிறகு போக்குவரத்து இல்லாத நேர் ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாகக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடம் ஆற விட்டு, பத்து தடவை. கடைசியில் ஐந்து நிமிடம் பிரேக் மிதிக்காமல் ஓட்டி ஆற்ற வேண்டும். சூட்டில் மிதித்தபடியே நிறுத்தி வைத்தால் பேட் அந்த இடத்தில் அப்பிக்கொள்ளும். இதைச் செய்யாமல் புது பேட்டோடு நேராக மலை இறங்கினால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இறுகி, பிடியும் குறைந்து கூச்சலும் வரும். மலை இறங்கிய கையோடு அடிவாரத்தில் டிஸ்கில் தண்ணீர் அடிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

அடுத்த 5,000 கி.மீ.யில் வீல் கழற்றும்போது உள், வெளி இரண்டு பேட்டையும் அளக்கச் சொல்லுங்கள். 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பின் வேலை சரியாக நடக்கவில்லை. அதே பட்டறையில் கூலி இல்லாமல் திரும்பச் செய்து தரச் சொல்லிக் கேட்கலாம்.